சொல்வது ஒன்று, கேட்பது ஒன்று

(மருத்துவமனையின் ஆதரவாளர்களும் நண்பர்களும் கூடிய ஆண்டுக் கூடுகையில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. வரமுடியாமற்போன அன்பர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



மைக் முன்னால் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. 38 ஆண்டுகள் வார்டில் நின்றவள் நான். அங்கே மெதுவாகப் பேசித்தான் பழக்கம். ஆகவே பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையை உயர்த்துங்கள்.

"வெளிநாட்டு டாக்டர்களும் நம் ஊர் நோயாளிகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதைப் பற்றிப் பேசுங்கள்" என்று என்னிடம் கேட்டார்கள். புரிந்துகொண்ட கதைகள் என்னிடம் அதிகம் இல்லை. புரிந்துகொள்ளாமற்போன கதைகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நான் செய்த தவறு. அதையும் இன்று சொல்லிவிடுவதாகத் தீர்மானித்து வந்திருக்கிறேன்.

நம் புதுச்சேரியில் இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்பவரைத் துபாஷி என்பார்கள். துய்ப்ளே கவர்னராக இருந்த காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வேலையில் இருந்தார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்நாளைய நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவு. அவர் பெரிய துபாஷி. நான் வார்டு துபாஷி. பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த பள்ளியில் படித்ததால், நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, பிரான்சிலிருந்து சில மாதங்களுக்கு வந்து ஊழியம் செய்த டாக்டர்களுக்கும் நம் நோயாளிகளுக்கும் நடுவே என்னை நிறுத்திவிட்டார்கள். மொழி தெரிந்தால் போதும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

முதலில் செருப்பைப் பற்றிச் சொல்லுகிறேன்.

காலையில் நம் வெளிநோயாளர் பிரிவின் வாசலில் நின்று பாருங்கள். செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே போட்டுக்கொண்டு வரலாம் என்று சொன்னாலும் கிராமத்துப் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள். டாக்டர் முன்னால் வெறுங்காலோடு நிற்பதுதான் அவர்களுக்கு மரியாதை. புதிதாக வந்த ஒரு பிரெஞ்சு டாக்டர் முதல் வாரம் முழுவதும் இதைப் பார்த்து மனம் வருந்தினார். இத்தனை பேருக்குச் செருப்பு வாங்கக்கூட வழியில்லையே என்று, தம் ஊர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டார். அவரை வாசலுக்கு அழைத்துப்போய்க் குவியலைக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். அந்தப் பணம் வீண்போகவில்லை, படுக்கை விரிப்பு வாங்கினோம்.

இதே ஊரில் இதே காலணி ஒரு பெரிய வழக்காகவும் ஆகியிருக்கிறது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர், பிரெஞ்சு வழக்கறிஞர்களைப் போலவே காலுறையும் ஷூவும் அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். பிரெஞ்சு நீதிபதி அதை ஏற்கவில்லை. இந்தியர்கள் இந்திய வழக்கப்படிதான் மரியாதை காட்டவேண்டும் என்பது அங்கே இருந்த எண்ணம். பிள்ளை விடவில்லை. பாரிசில் உள்ள உயர்ந்த நீதிமன்றம் வரை போய் வென்றார். பிற்பாடு, 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு அவர் முன்னோடியாக நின்றார். லாபோர்த் என்று குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

பண்பாட்டு வேறுபாடு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த நீதிபதி, தம் நாட்டு வழக்கப்படியே வந்த மனிதரையல்லவா தடுத்தார்? அங்கே பேசியது பண்பாடு அல்ல, அதிகாரம். மருத்துவமனையிலும் நாம் இதைக் கவனிக்கவேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் நின்றுகொண்டும் நோயாளி படுத்துக்கொண்டும் பேசுகிற இடம் அது.

இனி "சரிங்க" என்ற சொல். டாக்டர் சொல்லச் சொல்ல நம் மக்கள் "சரிங்க, சரிங்க" என்பார்கள். தலையையும் இரண்டு பக்கமும் ஆட்டுவார்கள். பிரெஞ்சு டாக்டருக்குத் தலையாட்டல் "இல்லை" என்பது போலத் தோன்றும், வாய்ச்சொல் "ஆம்" என்று கேட்கும். எதை நம்புவது என்று என்னைப் பார்ப்பார். நான் "சம்மதம் என்கிறார்" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அந்தச் "சரிங்க"வுக்கு, "நீங்கள் பேசுகிறீர்கள், நான் காதுகொடுத்துக் கேட்கிறேன்" என்றுதான் பொருள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இன்சுலின் ஊசிக்கு இப்படித்தான் பத்து முறை சரி சொன்னார். மூன்று மாதம் கழித்துக் காலில் புண்ணோடு வந்தார். ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. "அன்னைக்கு சரின்னு சொன்னீங்களே ஐயா?" என்று கேட்டேன். "பெரிய டாக்டரு சொல்றப்ப மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிம்மா சொல்றது? அந்த மருந்தை ஐஸ் பெட்டியில வைக்கணும்னாங்க. எங்க தெருவுலயே ஐஸ் பெட்டி கெடையாது" என்றார். மண்பானைத் தண்ணீருக்குள் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரோ சம்மதம் கிடைத்துவிட்டதென்று நிம்மதியாக இருந்தார்.

மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சுக்காரரிடம் முதலில் போன்ழூர் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால், நம்மை மரியாதை தெரியாதவர்கள் என்று நினைப்பார்கள். நாமோ "சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிப்போம். ஒரு பிரெஞ்சு நர்ஸ் என்னிடம், "உங்கள் ஊரில் எல்லோரும் என் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிறார்களே, நான் அவ்வளவு மெலிந்தா இருக்கிறேன்?" என்று கேட்டாள்.

அந்த நர்ஸ் நல்லவள். அவள் கையால் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டினாள். சூடு அதிகமோ என்று, முதல் கரண்டியைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே கரண்டியைப் பாட்டியின் வாய்க்குக் கொண்டுபோனாள். தன் குழந்தைக்கு ஒரு தாய் எப்படிச் செய்வாளோ அப்படி. பாட்டி வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார். மாலையிலும் அப்படியே. கேஸ் ஷீட்டில் "நோயாளி உணவை மறுக்கிறார்" என்று எழுதியாயிற்று. மறுநாள் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று பேச்சு வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டி என் காதில் சொன்னது ஒரே சொல்: "எச்சிம்மா."

நான் வேறு கரண்டியால் ஊட்டினேன். கிண்ணம் காலியாயிற்று. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிரெஞ்சில் சொல்ல நான் பட்ட பாடு! அவர்களிடம் உமிழ்நீருக்குச் சொல் உண்டு. எச்சில் என்பது உமிழ்நீர் மட்டுமா? ஒருவர் வாய் வைத்த டம்ளர் எச்சில், சாப்பிட்ட இலை எச்சில், கடித்த பழம் எச்சில். அன்பு இருந்தால் அதே எச்சில் அமிர்தமாகவும் ஆகிவிடும். அது யாருடைய எச்சில் என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் அவளுடைய ட்யூட்டி நேரம் முடிந்துவிட்டது.

இதே எச்சில் ஒரு காலத்தில் ரோமாபுரி வரை போயிருக்கிறது. 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் என்பவர் சீனாவுக்குப் போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். தமிழ்நாட்டில் இயேசு சபைக் குருக்கள் நம் மக்களின் வழக்கங்களுக்கு அதிகம் இடங்கொடுக்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. ஞானஸ்நானத்தின்போது குருவானவர் தம் உமிழ்நீரால் காதையும் மூக்கையும் தொடுவது அந்நாளைய சடங்கு. இயேசு செவிடன் ஒருவனைச் சுகப்படுத்தியதன் நினைவாக வந்தது அது. தமிழர்கள் இதைக் கண்டு அருவருத்ததால் குருக்கள் அதை விட்டுவிட்டிருந்தார்கள். தூர்னோன் எட்டு மாதம் இங்கே இருந்தார். உடல்நலமில்லாததால் உள்நாட்டு ஊர்களுக்குப் போகமுடியவில்லை. இரண்டு குருக்களிடம் கேட்டறிந்து, 1704 ஜூன் மாதத்தில் கட்டளை எழுதினார். உமிழ்நீரை விடக்கூடாது என்பது அதில் ஒன்று. அதிலிருந்து 40 ஆண்டுகள், 1744 வரை, இந்த வாதம் ஓயவில்லை.

படுக்கையில் இருந்துகொண்டு, பார்க்காத ஊர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதினாரே என்று நான் ஒரு காலத்தில் கோபப்பட்டதுண்டு. ஆனால் அதே கட்டளையில் இன்னொன்றும் இருக்கிறது. தலித் மக்களில் (அந்நாளைய ஏடுகள் பறையர் என்று எழுதும்) ஒருவர் நோயாய்க் கிடந்தால், குருவானவர் அவர் வீட்டுக்கே போகவேண்டும் என்றும் அது சொன்னது. சாதிக் கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பார்களே என்று குருக்கள் அந்த வீடுகளுக்குள் போகாமல் இருந்தார்கள். அதுவும் "இந்த ஊர் வழக்கம்" என்ற கணக்கில்தான் சேர்ந்திருந்தது. சடங்கில் எச்சிலை விட்டுவிட்டதால் யாருக்கும் கெடுதல் இல்லை. நோயாளியின் வீட்டு வாசலோடு திரும்பியது மனிதனை அவமதித்தது. அந்நியர் ஒருவர் வந்து கண்டித்தபோது ஒன்றில் தவறினார், ஒன்றில் நம் கண்ணைத் திறந்தார். நம் வழக்கம் என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பாற்றவேண்டியதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

1980களின் தொடக்கம். நான் அப்போது வேலை செய்தது வேறொரு மருத்துவமனை. நகருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து, 55 வயதிருக்கும் ஒரு தாயார் வந்தார். தலையில் கூடை வைத்து மீன் விற்றவர். நல்ல குரல், நல்ல சிரிப்பு. பரிசோதனையில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை என்று தெரிந்தது. டாக்டர் பிரான்சிலிருந்து வந்தவர். நோயாளியிடமே சொல்லவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் அதற்கு முன்பே மூத்த மகன் என்னை வராந்தாவில் மடக்கிவிட்டார். "அக்கா, அம்மாகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க. கேட்டவுடனே உசுரை விட்டுடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தத் தாயின் அருகே உட்கார்ந்தார். நோயின் பெயரைச் சொன்னார். அது பரவியிருப்பதையும், எடுத்துவிட முடியாது என்பதையும், வலியைக் குறைக்க முடியும் என்பதையும், எஞ்சிய நாட்களை எப்படிக் கழிக்க விரும்புகிறீர்கள் என்பதையும் நிதானமாகப் பேசினார். ஐந்து நிமிடமாவது இருக்கும். நான் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: "வயித்துல புண்ணு இருக்கும்மா. வலி கொறைய மருந்து தர்றாங்க. நல்லா சாப்பிடணுமாம்."

டாக்டர் என்னை வியப்போடு பார்த்தார். "நான் இவ்வளவு நேரம் பேசினேன், நீங்கள் அதற்குள் முடித்துவிட்டீர்களே?" என்றார். "தமிழ் சுருக்கமான மொழி, டாக்டர்" என்றேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்கு மனதுக்குள் சிரித்தேன், சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று. அந்தத் தாய் "சரிங்க டாக்டரு" என்று கும்பிட்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன தைரியமான பெண்மணி என்று என்னிடம் சொன்னார்.

அவருக்குக் காரைக்காலில் ஒரு மகள் இருந்தாள். கல்யாண விஷயத்தில் மனஸ்தாபமாகி நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. மருந்து வாங்க வரும்போதெல்லாம் மகளைப் பற்றிச் சொல்வார். "உடம்பு தேறட்டும்மா, நானே போய்ப் பாக்கப்போறேன். பொங்கலுக்குப் போவேன்" என்பார். நான் "போங்கம்மா, போங்க" என்பேன். பொங்கலுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து அந்த மகள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை. அழவில்லை. ஒரே கேள்வி கேட்டாள். "எங்கம்மாவுக்கு இந்த வியாதின்னு தெரியுமா? தெரிஞ்சும் என்னைக் கூப்பிடாம இருந்துச்சா?"

எனக்கு நா எழவில்லை. தெரியும் என்று சொன்னால், தாய் கோபத்தோடேயே போய்விட்டாள் என்று இந்தப் பெண் காலமெல்லாம் நினைப்பாள். தெரியாது என்று சொன்னால், தெரியாமல் செய்தது யார் என்று கேட்பாள். கடைசியில், "தெரியாதும்மா. நான்தான் சொல்லலை. பொங்கலுக்கு உன்னைப் பாக்க வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது அன்னைக்கே பஸ் ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மகன் செய்தது அன்பினால். நான் செய்ததும் அப்படித்தான் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் டாக்டர் என்னிடம் ஒப்படைத்த பேச்சை நான் வழியிலேயே இறக்கிவைத்துவிட்டேன், அவரிடமும் அதைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பொய்.

இப்படிச் சொன்னவுடனே, "அப்படியானால் வெள்ளைக்காரர் முறைதான் சரி, நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான்" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குற்றவுணர்ச்சியில் அடுத்த ஆண்டு நான் நேராகவே மொழிபெயர்த்தேன். வில்லியனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நுரையீரலில் கட்டி. சொன்ன சொல் ஒன்றுகூடக் குறையாமல் சொன்னேன். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நான் போயிட்டு வர்றேன்" என்று வீட்டுக்குப் போனவர்தான். மருந்துக்கு வரவில்லை, வலிக்கும் வரவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்தபோது திண்ணையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாராம். பிள்ளைகள் எங்கள் மேல் கோபமாக இருந்தார்கள். அவர் முன்பே பிள்ளைகளையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ, தெரியாது.

இன்னொருவர் சொல்தா. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லுகிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். தமிழர்தான். பிள்ளைகள் பாரிசில். நம் தமிழ் டாக்டர் வழக்கப்படி பிள்ளைகளுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொல்லிவிட்டு, இவரிடம் "ஒண்ணுமில்லை தாத்தா, சரியாயிடும்" என்றார். எப்படியோ விஷயம் தெரிந்ததும் சொல்தா வார்டே அதிரும்படி பிரெஞ்சில் சத்தம் போட்டார். என் உடம்பு, என் பென்ஷன், என் சாவு, என்னைக் கேட்காமல் எப்படிப் பேசினீர்கள் என்று. அவரைத் தமிழர் கணக்கில் எழுதுவதா, பிரெஞ்சுக்காரர் கணக்கில் எழுதுவதா?

இது நம் ஊர்க் குழப்பம் மட்டும் அல்ல என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் ஓர் ஆய்வு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வாழும் முதியவர்கள் 800 பேர். கொரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், மெக்சிகோ வழியினர், கறுப்பர்கள், வெள்ளையர்கள் என்று பிரிவுக்கு 200 பேர். பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்லவேண்டுமா என்று கேட்டார்கள். சொல்லவேண்டும் என்றவர்கள் வெள்ளை அமெரிக்கரில் 100-க்கு 87 பேர், கறுப்பு அமெரிக்கரில் 88 பேர், மெக்சிகோ வழியினரில் 65 பேர், கொரியரில் 47 பேர். உயிர்காக்கும் கருவிகளைப் பற்றி முடிவெடுக்கவேண்டியது நோயாளியே என்றவர்கள் கொரியரில் 28 பேர், வெள்ளையரில் 65 பேர். மற்றவர்கள் குடும்பமோ டாக்டரோ பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

கொரியர்களை இப்போது நமக்கும் தெரியும். 1990களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து, சென்னையில் கொரியக் குடும்பங்கள் இருக்கின்றன. விடுமுறையில் நம் கடற்கரைக்கும் வருகிறார்கள். அவர்களும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொரியாவில் வேலை செய்த ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி, கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு புத்தகமே எழுதினார். மொழியியல் அறிஞர்கள் அந்த உறவை இன்று ஏற்பதில்லை. ஆனால் நடைமுறையில் ஓர் உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர்களும் "சாப்பிட்டீர்களா" என்று விசாரிப்பார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பெரியவருக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுப்பார்கள். வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எந்த மரியாதையில் பேசுவது என்று முடிவு செய்வார்கள். அமெரிக்கருக்கோ எல்லோரும் ஒரே "யூ", டாக்டரையும் பெயர் சொல்லியே கூப்பிடலாம். "நே" என்று கொரியர் சொல்வதற்கு அகராதியில் ஆம் என்று பொருள், ஆனால் பேச்சில் நம் "சரிங்க" மாதிரிதான், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது. எதிரில் இருப்பவர் சொல்லாததையும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் திறமைக்கு நுன்ச்சி என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. நம் திருக்குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பேசிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கும் அமெரிக்கருக்கும், பேசாமலே புரியவேண்டும் என்று எதிர்பார்க்கும் கொரியருக்கும் இடையே ஒரு நோயாளியைப் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் அந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொரியரில் 47 பேர் சொல்லவேண்டும் என்கிறார்களே! கிட்டத்தட்டப் பாதிப் பேர். வெள்ளையரிலும் 13 பேர் அப்படிச் சொல்லவில்லை. எதிரில் படுத்திருப்பவர் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று அவருடைய நாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று. நேராகச் சொல்வது அமெரிக்கருக்கு இரத்தத்தில் ஊறிய வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். 1961-இல் அங்கே டாக்டர்களைக் கேட்டபோது, 100-க்கு 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்களாம். 1979-இல் மறுபடியும் கேட்டபோது 97 பேர் சொல்லுவோம் என்றார்கள். அந்த வழக்கத்துக்கு என் வயதுகூட ஆகவில்லை! பிரான்சிலும், தகுந்த காரணம் இருந்தால் கடுமையான நோயை நோயாளியிடம் மறைக்கலாம் என்று 1979-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க விதி இடங்கொடுத்திருந்தது. தன் உடல்நிலையை அறிவது நோயாளியின் உரிமை என்று விரிவாகச் சட்டம் செய்தது 2002 மார்ச்சில்தான். ஆக, அந்த மீன்காரத் தாயின் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த டாக்டர் தம் நாட்டு வழக்கத்தைக் கொண்டுவந்து திணித்தவர் அல்ல. தம் நாட்டுக்கே கொஞ்சம் முன்னால் நடந்தவர். நான்தான் அவரைப் "பிரெஞ்சுக்காரர், அவருக்கு நம் மனசு தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

இப்போது நம் வார்டில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லி என் பேச்சை நிறுத்திக்கொள்ளுகிறேன். உங்கள் காணிக்கையில் கட்டிய அந்தச் சிறிய அறையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு நாற்காலி, ஒரு திரை, ஒரு மண்பானை, வேறொன்றும் இல்லை. பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன்பே, நோய் என்னவென்று யாருக்கும் தெரியாத நேரத்திலேயே, நோயாளியிடம் தனியாக ஒன்று கேட்கச் சொல்லி இளம் நர்சுகளுக்குப் பழக்கியிருக்கிறோம். "ரிசல்ட் வந்ததும் யார்கிட்ட பேசணும்? உங்ககிட்டயா, வீட்டுல யார்கிட்டயாவதா, எல்லாரையும் வெச்சுக்கிட்டா?" அவ்வளவுதான். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கேஸ் ஷீட்டில் எழுதவேண்டும். மொழிபெயர்ப்பவர் எதையாவது சுருக்கினால், சுருக்கினேன் என்று டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். இந்த இரண்டாவது விதியை வற்புறுத்தியது நான். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

பதில்கள் நாம் நினைத்தபடி வருவதில்லை. மூத்த மகன் பக்கத்திலேயே நிற்பார், "சின்ன மருமககிட்ட சொல்லு, அதுதான் அழாம கேக்கும்" என்று மாமியார் சொல்லுவார். "டாக்டரே முடிவு பண்ணட்டும், நான் எதுக்கு?" என்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு பதில்தான், அப்படியே எழுதிக்கொள்ளுகிறோம்.

சென்ற மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஆயா வந்தார். 70 வயதுக்கு மேல். நான் சும்மா பார்க்கப் போயிருந்தேன், இளம் நர்ஸ் கேட்கும்போது பக்கத்தில் இருந்தேன். ஆயா கொஞ்சம் யோசித்தார். திரையை நன்றாக இழுத்துவிடச் சொன்னார்.

"என்கிட்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. ஆனா எனக்குத் தெரியும்னு எம்புள்ளைங்ககிட்ட சொல்லிடாத. பாவம், அதுங்க என்கிட்ட மறைக்கிறதா நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே எழுதிக்கொள் என்றேன்.